அத்தை ஓடாத பௌர்ணமி

பேத்தமங்களா ஏரிக்கரையைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இடது செருப்பு அறுந்துபோனதால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தலையில் தகரப்பெட்டி. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள். வழியில் ஒரு தக்காளித் தோட்டத்து வரப்பில் புத்தகங்களை இறக்கி வைத்தேன். எறியவில்லை, ஒழுங்காக அடுக்கித்தான் வைத்தேன். பெட்டி பாதி எடை குறைந்தது. விட்டுவந்த பள்ளி விடுதியில் என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கன்னடத்தில் இரண்டாம் முறையும் தவறிவிட்டேன், மூன்றாம் முறை உட்கார மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். நான் பாதியில் விட்டுவிட்டு நடந்த இடங்களில் அது முதலாவது. பிறகு எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் எனக்குத் தாடி பாதி வெளுத்துவிட்டது, உங்களுக்கு எப்படியோ. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு மீசை முளைத்தவர்கள் நாம். உள்ளே இறங்கியவர்களைப் பற்றிப் பேச நம் அப்பாக்கள் இருக்கிறார்கள், சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு வீடியோ கேமைப் பற்றி. கையை ஆட்டினால் டிவிக்குள் இருக்கிற ஆளும் கையை ஆட்டுவானே, அந்த வெள்ளைக் குச்சி விளையாட்டு. நம்மில் பலர் அதை விளம்பரத்தில் பார்த்ததோடு சரி. எங்கள் லைனுக்கு, சுரங்கத் தொழிலாளர் வீடுகளின் வரிசைக்கு, அது ஒரு கோடை முழுக்க வந்து இருந்தது.

மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது அப்பா பெயிண்ட் வேலை முடித்து வந்து மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். திட்டவில்லை. புத்த பௌர்ணமி முடிந்த மறுநாள் அத்தையைப் பேர்ணாம்பட்டுக்கு அனுப்பப் போவதாகவும், நானும் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அத்தை புருஷனின் தம்பி அங்கே தோல் பதனிடும் கொட்டகையில் மேஸ்திரி. எனக்கு அங்கே வேலை, அத்தைக்கு அங்கே சமையல். இரண்டு பாரத்தை ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிற கணக்கு அவருக்கு.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள்; வளர்த்தது அத்தைதான். அவள் புருஷன் நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். ஆழத்தில் பாறை வெடித்து லெவல் என்கிற சுரங்கப்பாதை மூடிக்கொண்டபோது அவரோடு இன்னும் இருவர் உள்ளே இருந்தார்கள். மற்ற இருவரை எடுத்தார்கள். அவரை எடுக்க முடியவில்லை. அதனால் அத்தை அவரைப் பற்றிப் பேசும்போது செத்துவிட்டார் என்று சொல்லமாட்டாள், இன்னும் மேலே வரவில்லை என்பாள். பேர்ணாம்பட்டு என்றதும் அவள் சொன்னதும் அதுதான். "அவரு கீழ கீறாரு. நான் எங்கியோ போய் உக்காந்துகினு இன்னா பண்றது?"

பாறை வெடித்தால் எங்கள் ஊரில் வீடு நடுங்கும். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவரில் மாட்டிய படங்கள் எப்போதும் சாய்ந்தே இருக்கும், காலையில் பல் விளக்கியதும் அவற்றை நேராக்குவது ஒரு வேலை. மற்ற பெண்கள் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்கொன்று படாமல் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அத்தை மட்டும் ஒட்டவைத்து அடுக்குவாள், அவை கிணுகிணுக்க வேண்டும் என்பதற்காக. அவள் புருஷன் மாட்டிக்கொண்ட அன்று, சுரங்கத்துச் சங்கு ஊதுவதற்கு வெகு முன்னாலேயே அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, இது நந்திதுர்க், அவர் இறங்கிய பக்கம் என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னதால்தான் நடந்தது என்று சிலர் பேசினார்கள். அதன் பிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அவளோ அன்றிலிருந்து ஓட ஆரம்பித்தாள். சுரங்கம் மூடி உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த வருடங்களிலும் எப்போதாவது பூமி சிலிர்க்கும். மற்றவர்களுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும் அத்தை வெளியே பாய்ந்துவிடுவாள், கைக்கு எட்டுகிற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு. நான் விடுதியில் இருந்த மாதங்களில் பக்கத்து வீட்டுத் தொட்டிலிலிருந்து பிறந்து ஒன்பது நாளான குழந்தையை எடுத்துக்கொண்டு தூறலில் நின்றிருக்கிறாள். குழந்தைக்குச் சளி பிடித்து, வாசலில் பெரிய சண்டை. அப்பா பேர்ணாம்பட்டுக்குப் போன் போட்டது அதற்குப் பிறகுதான். அந்தத் தொட்டில் கட்டியிருந்த சுவரில் மேலிருந்து கீழாக ஒரு புது விரிசல் இருந்தது. அப்பாவே போய் சிமெண்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்துக்கொடுத்தார். பழைய விரிசல் என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பழைய விரிசலுக்குள் நூலாம்படை இருக்கும் என்பது, பிறகு பல ஊர்களில் பல சுவர்களைப் பூசிய எனக்கு இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி அந்தக் குச்சி.

எங்கள் லைனுக்கு அடுத்த லைனில் ஒரு அண்ணன். தினமும் முதல் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவர். பிறந்தநாள், கம்பெனி விழா, கல்யாண வரவேற்பு என்று விருந்து நடக்கிற இடங்களுக்கு விளையாட்டு மிஷின்களை வாடகைக்கு விடுகிறவரிடம் வேலை. முதலாளி புதிய செட் வாங்கியதும் பழையதை இவரிடமே கொடுத்துவிட்டார். ஒரு வெள்ளைப் பெட்டி, நான்கு குச்சிகள், ஒவ்வொன்றிலும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிற்றுப் பட்டை. அதை அவர் புத்த விகாரையை ஒட்டிய ஹாலில், சங்கத்து டிவியில் பொருத்தினார்.

டிவிக்கு மேல் வைக்க வேண்டிய ஒரு கறுப்புப் பட்டை உடைந்திருந்தது. அது இல்லாமல் குச்சி எங்கே காட்டுகிறது என்று மிஷினுக்குத் தெரியாதாம். அதற்குப் பதிலாக டிவிக்கு இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவைத்தால் போதும் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். வைத்தார், வேலை செய்தது. முதல் நாள் அந்தப் பக்கம் வந்த ஒரு பென்ஷன்காரர், இருட்டு ஹாலில் டிவி முன்னால் இரண்டு மெழுகுவத்தி எரிய எல்லோரும் அமைதியாக நிற்பதைப் பார்த்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். டிவிக்குள் ஒரு பொம்மை பந்தை உருட்டியது.

நாங்கள் விளையாடிய விதம் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பெங்களூர்ப் பிள்ளைகள் மணிக்கட்டை மட்டும் சொடுக்குவார்களாம். நாங்கள் ஓடிவந்து, குனிந்து, முட்டி தரையில் பட, முழு உடம்பையும் போட்டு உருட்டினோம். டென்னிஸ் ஆடும்போது பின்னால் நிற்பவன் மூக்கில் அடிபடும். ஒரு குச்சி பறந்துபோய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அந்த ஹாலின் வாசனை இப்போதும் நினைவிருக்கிறது: உருகின மெழுகு, வியர்வை, சூடேறிய டிவி. பேட்டரி தீர்ந்துபோனால் அதைக் கழற்றி வெயிலில் வைப்போம். இன்னும் பத்து நிமிடம் வரும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். என் முறை வரப்போகிறது என்று கெஞ்சினேன். வரிசையில் இருந்த ஒரு சிறுமி, அத்தையும் ஒரு தடவை உருட்டட்டும் என்று குச்சியை அவள் கையில் கொடுத்துப் பட்டையையும் மாட்டிவிட்டாள். அத்தை வெட்கத்தோடு கையை வீசினாள். பந்து போய்க் கட்டைகளைச் சரித்தது. சரிந்த நொடியில் குச்சி அவள் கைக்குள் நடுங்கியது.

அது அப்படித்தான் நடுங்கும். பந்து மோதினால் மோதியது கைக்குத் தெரிய வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அத்தைக்கு அது தெரியாது. அவள் கத்தவில்லை. கனமான குரலில், "வெளிய போங்க, எல்லாம் வெளிய போங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு கிளம்பினாள். பட்டையில் தொங்கிய குச்சி அவள் தொடையில் அடித்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் அப்படி ஓடினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஓடினோம். வெளியே சீட்டாடிக்கொண்டிருந்த பென்ஷன்காரர்கள் சீட்டைப் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். என்னை அடித்து இழுத்துவர வந்துகொண்டிருந்த அப்பாவும் திரும்பி ஓடினார். மொத்த லைனும் வெட்டவெளியில் நின்று ஹாலைப் பார்த்தது. ஹால் அப்படியே இருந்தது. உள்ளே டிவி மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் சிரிப்பு. முதலில் எல்லோரும் தங்களைப் பார்த்தே சிரித்தார்கள், பிறகு அது அத்தையின் பக்கம் திரும்பியது. பொம்மைக்குப் பயந்த கதை பொழுது சாய்வதற்குள் மூன்று லைனுக்குப் போய்விட்டது. தானும் ஓடியதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தையின் புடவைகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார்.

சிரிக்காதவர் அந்த அண்ணன் ஒருவர்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குச்சியோடும் ஒரு சின்ன திருப்புளியோடும் வீட்டுக்கு வந்தார். அத்தை அதைத் தொடவில்லை. இதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவர் கழற்றிக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு ஒரு மோட்டார், அதன் முனையில் ஒரு பக்கமாகக் கனம் வைத்த சின்ன இரும்பு. அது சுற்றினால் நடுங்கும், அவ்வளவுதான். அத்தை வெகுநேரம் அதைப் பார்த்தாள். "அப்ப இது பூமியில்ல" என்றாள். பிறகு கையை நீட்டினாள்.

மிஷினில் ஒரு விளையாட்டு இருந்தது, எங்களில் யாருக்கும் வராதது. திரையில் ஒரு இரும்புப்பெட்டி. குச்சியைச் சாவி மாதிரி பிடித்து மெதுவாகத் திருக வேண்டும். திரையைப் பார்த்துப் பயனில்லை, அதில் ஒன்றும் தெரியாது. சரியான இடம் வந்தால் குச்சி லேசாக நடுங்கும், அங்கே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஏமாற்றுவதற்கு வேறு நடுக்கங்களும் வரும். அவற்றில் அழுத்தினால் பெட்டி மறுபடி பூட்டிக்கொள்ளும். மூன்று பெட்டியை முதலில் திறந்தவர் ஜெயிப்பார். நாங்கள் எல்லா நடுக்கத்துக்கும் அழுத்தித் தோற்றோம். பௌர்ணமி அன்று ஹாலில் லைன்களுக்குள் போட்டி வைப்பதாக இருந்தார்கள், பெட்டி ஆட்டத்துக்கு எங்கள் லைனில் ஆளில்லை. அத்தை ஆடட்டும் என்று அண்ணன் கேட்டார்.

அப்பா சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "ஆடுக்கா. அத்தினி பேரு முன்னாடி அந்தக் குச்சியப் புடிச்சிகினு, ஆட்டம் முடியற வரிக்கும் வெளிய ஓடாம நில்லு. நின்னுட்டா பேர்ணாம்பட்டு பேச்சே நான் எடுக்க மாட்டேன். ஓடினா மறுநாளு பஸ்ஸு."

அவளால் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் மூன்றாம் மனுஷர் முன்னால் சொல்லிவிட்டார்.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. அண்ணன் ஒரு குச்சியை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனார். மிஷின் இல்லாமலே அதை நடுங்கவைக்க மோட்டாருக்குப் பேட்டரியை நேராகக் கம்பியில் இணைத்துக் கொடுத்திருந்தார். மத்தியானங்களில் நான் கம்பியைத் தொடுவேன், அத்தை குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் வாசலைத் தாண்டித் தெரு வரை போய்த் திரும்பினாள். இரண்டாம் நாள் நிலைப்படி வரை. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். அதன் பிறகு நகரவில்லை. எப்படி என்று கேட்டேன். "கையில வர்றது மோட்டாரு. கால்ல வர்றதுதான் பூமி. கையும் காலும் ஒண்ணா சொன்னா ஓடணும். கை மட்டும் சொன்னா சும்மா இருக்கணும்." கடைசி நாட்களில் கம்பியை நான் எவ்வளவு லேசாகத் தொட்டேன் என்றுகூடச் சொன்னாள்.

பௌர்ணமி அன்று விகாரையில் புத்த வந்தனம் முடிந்து, பாயசம் கொடுத்து முடித்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டியைத் தொடங்கினார்கள். பந்து ஆட்டத்தில் எங்கள் லைனுக்காக நான் ஆடி நான்காவதாக வந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். பெட்டி ஆட்டத்துக்கு அத்தை எழுந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், வாசல் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் வழிவிட்டு உட்காருங்கள் என்றார். நல்ல சிரிப்பு. அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என்னைக் கூப்பிட்டுப் பட்டையை இறுக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் எதிராளி ஒரு கல்லூரிப் பெண். அவள் ஒரு பெட்டி திறப்பதற்குள் அத்தை மூன்றைத் திறந்தாள். இரண்டாவது எதிராளி சீட்டாட்டப் பென்ஷன்காரர்களில் ஒருவர்; அவர் ஒன்றுகூடத் திறக்கவில்லை. திறக்கிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் திரையில் தங்கக் காசு கொட்டியது. "எங்க கேஜுல இவ்ளோ மேல வந்ததே இல்லடா" என்று, கேஜ் என்கிற அந்தச் சுரங்கக் கூண்டில் ஏறி இறங்கியே வயதான அவர், தோற்றுவிட்டு உட்காரும்போது சொன்னார். இப்போது எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

கடைசி ஆட்டம் சைக்கிள் கடைக்காரர் மகனோடு. எங்களில் கெட்டிக்காரன் அவன், பந்திலும் டென்னிஸிலும் அவனை யாரும் ஜெயித்ததில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பெட்டி திறந்திருந்தார்கள். மூன்றாவது பெட்டி. அத்தையின் மணிக்கட்டு எறும்பு ஊர்கிற வேகத்தில் திருகிக்கொண்டிருந்தது. ஒரு நடுக்கத்தை விட்டாள். இன்னொன்றை விட்டாள்.

அப்போது நிஜமாகவே நடுங்கியது.

டிவி மேஜையில் தடதடத்தது. ஒரு மெழுகுவத்தி சாய்ந்து அணைந்தது. டியூப்லைட் ஆடியது. நாற்காலிகள் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்த சத்தம். சைக்கிள் கடைக்காரர் மகன் கையை உதறிக் குச்சியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகவே வெளியே குதித்தான். நான் எழுந்துவிட்டேன். அப்பா எனக்கு முன்னால் வாசற்படிக்குப் போயிருந்தார், ஒரு கால் வெளியே.

அத்தை கண்ணைத் திறந்தாள். நகரவில்லை.

"உக்காருங்க" என்றாள். "தூரம்."

பாதி எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வாசலில் ஒரு காலோடு நின்ற அப்பா, அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை நான் அப்படி அதற்கு முன் பார்த்ததில்லை.

"எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பூமி நடுங்கினால் அதை எல்லோரிடமும் கேட்பதில்லை. யார் சொன்னால் நம்பலாமோ அவரிடம்தான் கேட்பார்கள். புருஷன் உள்ளே போன நாளிலிருந்து அத்தையிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அத்தை உள்ளங்கால்களைத் தரையில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள். "சாம்பியன் சுரங்கத்துக்கு அந்தாண்ட. நல்ல ஆழம். ரெண்டாவது வராது. புள்ளைங்கள மிதிக்காம உக்காருங்க."

காத்திருந்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரண்டாவது வரவில்லை. முதலில் பென்ஷன்காரர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு ஹால் முழுவதும் உட்கார்ந்தது. அப்பா வெளியே இருந்த காலை உள்ளே எடுத்தார். அத்தை அன்று தூறலில் தூக்கிப்போன குழந்தையின் தாயார் அந்தக் குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, எழுந்துபோய் முன்வரிசையில் அத்தைக்கு அருகில் உட்கார்ந்தாள்.

எதிராளி ஓடிவிட்டதால் அத்தைதான் ஜெயித்ததாக அண்ணன் அறிவிக்கப் பார்த்தார். அத்தை தடுத்துவிட்டாள். "அவன் வரட்டும், தம்பி. ஓடறது இன்னான்னு எனக்குத் தெரியும்." மைதானத்திலிருந்து அவனைக் கூட்டிவந்தார்கள். முட்டியில் சிராய்ப்பு, முகத்தில் அசடு. யாரும் சிரிக்கவில்லை, அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மெழுகுவத்தியை ஏற்றினார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவன் இரண்டு தடவை அழுத்தினான், இரண்டும் தவறு. அத்தை ஒரே தடவை அழுத்தினாள்.

திரையில் கொட்டிய காசு நிற்கவே இல்லை. பென்ஷன்காரர்கள் நாற்காலிக் கையைத் தட்டினார்கள், பெண்கள் தரையைத் தட்டினார்கள். எங்கள் லைன் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் விகாரைக்குப் பின்னால் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. அத்தை பட்டையைக் கழற்றத் தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பரிசு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம். வீடு வரைக்கும் அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், எங்க அக்கா ஜெயிச்சது என்று நின்று பதில் சொன்னார். சாக்கை அவர் அவிழ்க்கவில்லை. அத்தையே அவிழ்த்து, புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். பேர்ணாம்பட்டுக்குப் போன் போட்டு, பஸ்ஸுக்கு யாரும் வரவில்லை என்று சொல்லச் சொன்னாள். அப்பா போட்டார்.

பஸ் இல்லை என்றானதும் எனக்கு வேலையும் இல்லை என்றாகிவிட்டது. விடிவதற்குள் அண்ணன் வந்து வாசலில் நின்றார். பெங்களூரில் ஒரு கம்பெனிக்காரர் வீட்டுப் பிறந்தநாள், பெட்டி தூக்க ஆள் வேண்டும், மத்தியானம் சாப்பாடு உண்டு என்றார். நான் முகம் கழுவிக்கொண்டு புறப்பட்டேன். மாரிகுப்பத்தில் ரயில் காலியாக நின்றிருந்தது, உட்கார இடம் கிடைத்தது. பத்து மணிக்கெல்லாம் ஒரு பெரிய வீட்டு மாடியில், பலூன்களுக்கு நடுவில், வருகிறவர்கள் மணிக்கட்டில் ஒவ்வொருவராகப் பட்டையை மாட்டி இறுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் வேலை. கூடவே, இது கையில் நடுங்கும், பயப்படாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அண்ணன் அதைச் சொல்லச் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. ஆனாலும் அந்த வேலையில் இருந்த ஏழு மாதமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.